எழுத்துக்கூட்டிப் படித்த ஒரு நாள்

(குறுவளமையக் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மாணவர்களுடன் ஜப்பானுக்குக் கல்விச் சுற்றுலா சென்று வந்த அனுபவத்தைப் பேசச் சொன்னார்கள். எல்லா நாள்களையும் சொன்னால் மதியச் சாப்பாட்டு நேரம் தாண்டிவிடும். அதனால் ஒரே ஒரு நாளைப் பற்றி மட்டும் சொல்கிறேன். டோக்கியோவில் காலை முதல் மாலை வரை ரயிலிலேயே ஊர் சுற்றிய நாள் அது.

டோக்கியோவின் நடுவே யமனோத்தே என்று ஒரு ரயில் தடம் இருக்கிறது. வட்டமாகச் சுற்றி வரும் தடம். நீளம் 34.5 கிலோமீட்டர், மொத்தம் 30 நிலையங்கள். இறங்காமல் உட்கார்ந்திருந்தால் ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில், ஏறிய நிலையத்துக்கே வந்துவிடலாம். 1925-இல் இந்த வட்டம் முழுமை பெற்றது. நாங்கள் போனபோது ஒரு நாள் பயணச்சீட்டு பெரியவர்களுக்கு 760 யென். எங்கே வேண்டுமானாலும் இறங்கலாம், பார்க்கலாம், மறுபடி ஏறலாம்.

நாங்கள் பன்னிரண்டு மாணவர்கள், இரண்டு ஆசிரியர்கள், ஒரு வழிகாட்டி. கடைசியில் நின்று தலைகளை எண்ணிப் பார்த்து ஏறுவது என் பொறுப்பு.

எங்களோடு எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி வந்தாள். குறும்படம் எடுத்துப் போட்டியில் வென்ற பெண். விமானத்தில் படிவம் நிரப்பச் சொன்னபோது ஆங்கிலத்தை எழுத்துக்கூட்டிப் படிக்க முடியாமல் திணறினாள். நான் படிவத்தை அவள் கையிலிருந்து வாங்கி நானே நிரப்பிக் கொடுத்தேன். இந்தப் பெண்ணைப் பக்கத்திலேயே வைத்துக்கொள்ள வேண்டும் என்றும் மனத்துக்குள் முடிவு செய்துகொண்டேன்.

டோக்கியோ நிலையத்தில் ஏறினோம். 1914-இல் கட்டிய சிவப்புச் செங்கல் கட்டடம் இன்றும் கம்பீரமாக நிற்கிறது. உள்ளே நுழைந்ததும் எனக்குத் தலை சுற்றியது. பலகைகளில் ஜப்பானிய எழுத்து, கீழே ஆங்கில எழுத்து. ஆங்கிலம் தெரியும்தான். ஆனால் உகுயிசுதானி, ஒகாச்சிமாச்சி என்று கூட்டிப் படித்து முடிப்பதற்குள் ரயில் புறப்பட்டுவிடுகிறது. ஷிம்பாஷி, ஷினகாவா, ஷிபுயா, ஷின்ஜுக்கு, ஷின் ஒகுபோ என ஒரே தடத்தில் ஐந்து ‘ஷி’கள். எது எங்கே இருக்கிறது என்று நினைவில் நிற்கவே இல்லை. இருபது ஆண்டுகளாகப் பாடம் நடத்தும் நான், அன்று முதல் வகுப்புக் குழந்தையாக நின்றேன்.

அந்தப் பெண்ணிடம் அந்தத் தடுமாற்றமே இல்லை. அவள் பெயர்களைப் படிக்கவில்லை, எண்களைப் பார்த்தாள். 2016 முதல் அங்கே நிலையங்களுக்கு எண் கொடுத்திருக்கிறார்கள். டோக்கியோ 01, உவேனோ 05, ஷின்ஜுக்கு 17, ஷிபுயா 20. தடத்துக்கும் நிறம் உண்டு. எங்கள் ரயிலுக்கு இளம்பச்சை, பக்கத்தில் ஓடும் இன்னொன்றுக்கு வானநீலம். பச்சையில் ஏறி எண்ணைப் பார்த்து இறங்கினால் போதும், ஜப்பானிய மொழியில் ஓர் எழுத்துகூடத் தெரிய வேண்டாம்.

முதலில் உவேனோவில் இறங்கினோம். அங்குள்ள தேசிய இயற்கை அறிவியல் அருங்காட்சியகத்தில் ஹச்சிகோ என்ற நாயின் பதப்படுத்திய உடல் இருக்கிறது. அந்தக் கதை உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். அதன் எஜமானர் வேளாண்மைப் பேராசிரியர். 1925-இல் பல்கலைக்கழகத்துக்குப் போனவர் அங்கேயே இறந்துபோனார். அது தெரியாத நாய், 1935-இல் தான் சாகும் வரை ஷிபுயா நிலையத்துக்கு வந்து காத்திருந்தது. ஓர் ஆசிரியருக்காகக் காத்திருந்த நாய் என்று மாணவர்களிடம் சொன்னேன். சிரித்தார்கள். பிறகு அமைதியாகிவிட்டார்கள்.

மறுபடி ரயில். தகடனோபாபா என்ற நிலையத்தில் கதவு மூடும் முன் ஆஸ்ட்ரோ பாய் கார்ட்டூனின் இசை ஒலித்தது. அதைப் படைத்த தெசுகா ஒசாமுவின் நிறுவனம் அந்தப் பகுதியில்தான் இருக்கிறது. இப்படிப் பல நிலையங்களுக்குத் தனித்தனி இசை. கண்ணை மூடியிருப்பவரும் தம் நிலையம் வந்ததை அறியலாம். நடைமேடையில் மஞ்சள் நிறத்தில் புடைப்புக் கற்கள். பார்வையற்றோர் பாதம் வைத்து உணர்ந்து நடப்பதற்கானவை. இன்று நம் ரயில் நிலையங்களிலும் இருக்கின்றன. 1967-இல் முதன்முதலில் இவற்றைப் பதித்தது ஜப்பானின் ஒகயாமா நகரில், பார்வையற்றோர் பள்ளி ஒன்றின் அருகே.

இன்னொன்றையும் கவனித்தேன். ரயிலின் கடைசிப் பெட்டியில் நிற்கும் நடத்துநர், ஒவ்வொரு நிலையத்திலும் விரலை நீட்டிச் சுட்டி, பார்த்ததை வாய்விட்டுச் சொல்கிறார். கண், கை, வாய் மூன்றும் ஒன்றாக வேலை செய்தால் கவனம் சிதறாது என்பதற்காக அவர்கள் வைத்திருக்கும் பழக்கம் அது. நாம் என்ன சொல்கிறோம்? “பெரிய பிள்ளை ஆகிட்ட, இன்னும் விரல் வெச்சுப் படிக்கிறியா?” என்கிறோம். அந்த நடத்துநருக்கு நாற்பது வயதாவது இருக்கும். அவர் விரல் வைத்துத்தான் படிக்கிறார்.

ஷின்ஜுக்குவில் இறங்கி, மாநகர அரசுக் கட்டடத்தின் 45-ஆவது தளத்திலிருந்து ஊரைப் பார்த்தோம். கட்டணம் இல்லை. திரும்பி வந்து ரயில் ஏறும்போதுதான் அது நடந்தது. உலகிலேயே மிக அதிகமான பயணிகள் வந்துபோகும் நிலையம் அது. அந்தப் பெண்ணை முதல் ஆளாக ஏற்றினேன். ஒவ்வொருவராக எண்ணிக்கொண்டே வந்தேன். பன்னிரண்டாவது மாணவன் ஏறினான். எனக்கும் அவனுக்கும் நடுவே நான்கு பேர் புகுந்தார்கள். இசை நின்றது, கதவு மூடிக்கொண்டது.

நடைமேடையில் நான் மட்டும். கையில் இருந்த கைப்பேசியில் இணைய வசதி கிடையாது. காலையில் வழிகாட்டி ஏதோ விதி சொன்னார், பதற்றத்தில் அது நினைவுக்கு வரவே இல்லை. ரயில் நகரத் தொடங்கியபோது கண்ணாடிக்குப் பின்னால் அந்தப் பெண்ணின் முகம் தெரிந்தது. இரண்டு கைகளையும் விரித்துப் பத்து விரல் காட்டினாள். பிறகு எட்டு விரல். ரயில் போய்விட்டது.

பதினெட்டு. பலகையைப் பார்த்தேன். நான் நின்றது 17, அடுத்த நிலையம் 18. பிரிந்துவிட்டால் அடுத்த நிலையத்தில் இறங்கிக் காத்திருக்க வேண்டும் என்பதுதான் காலையில் சொன்ன விதி.

சில நிமிடங்களில் அடுத்த ரயில் வந்தது. 18-இல் கதவு திறந்தபோது சரியாக என் எதிரே எல்லோரும் நின்றிருந்தார்கள். அங்கே நடைமேடைத் தரையில் பெட்டி எண்ணும் கதவு எண்ணும் எழுதியிருக்கிறது. “டீச்சர் அதே கதவுலதான் நிப்பாங்க, அதே கதவுலதான் வருவாங்க” என்று சொல்லி அனைவரையும் அங்கே நிறுத்தி வைத்தது அவள்தானாம்.

“எப்படிம்மா தோணுச்சு?” என்று கேட்டேன்.

“பேரு வாயில நுழையல டீச்சர். அதான் காலையிலேர்ந்து நம்பர எண்ணிட்டே வந்தேன்” என்றாள்.

அதன் பிறகு ஹராஜுக்கு நிலையத்தின் அருகே மெய்ஜி ஆலயத்தைச் சூழ்ந்த காட்டில் நடந்தோம். நூறு ஆண்டுகளுக்கு முன் மக்கள் நாடெங்கிலுமிருந்து அனுப்பிய சுமார் ஒரு லட்சம் மரங்களை நட்டு உருவாக்கிய காடு அது. ஷிபுயாவில் ஹச்சிகோ சிலையருகே படம் எடுத்துக்கொண்டோம். மாலையில் வட்டத்தின் மறுபாதியைச் சுற்றி 01-க்கே திரும்பினோம். என் மனம் மட்டும் பதினெட்டிலேயே நின்றிருந்தது.

நண்பர்களே, அந்த ஊரை வானளாவப் புகழ நான் வரவில்லை. அந்த ரயிலிலும் வேலைக் களைப்பில் நின்றபடியே தூங்கும் மனிதர்களைப் பார்த்தேன். நான் எடுத்து வந்தது ஒன்றே ஒன்றுதான். படிக்கத் தெரியாதவர் ஒருவர் இங்கே வருவார் என்று முன்கூட்டியே நினைத்து, அவருக்காக நிறம், எண், இசை, தரைக்கோடு எல்லாம் வைத்திருக்கிறார்கள். நம் வகுப்பறைக்கு அப்படி ஒரு குழந்தை தினமும் வருகிறது. அதற்காக நாம் என்ன வைத்திருக்கிறோம்?

ஊர் திரும்பியதும் நான் செய்தவை சிறியவை. வகுப்பு நூலக அடுக்குகளுக்கு நிறத்தாள் ஒட்டி எண் எழுதினேன். கரும்பலகையின் ஓரத்தில் அன்றைய வேலைகளை 1, 2, 3 என்று படத்துடன் வரைகிறேன். விரல் வைத்துப் படிப்பவரைத் தடுப்பதில்லை. தலைப்பைக் கண்டால் ஒதுங்கிப் போன இரண்டு பிள்ளைகள் இப்போது பச்சை அடுக்கில் தாங்களே புத்தகம் எடுக்கிறார்கள். வாசிப்பு இனிமேல்தான் வர வேண்டும். ஆனால் பயம் குறைந்திருக்கிறது.

ஒரு வருத்தம் மட்டும் மிச்சமிருக்கிறது. விமானத்தில் அந்தப் படிவத்தை நான் வாங்கியிருக்கக் கூடாது. பக்கத்தில் உட்கார்ந்து, எந்தக் கட்டத்தில் எதை எழுத வேண்டும் என்று விரலால் காட்டியிருந்தால் அவளே எழுதியிருப்பாள்.