சாவி கைமாறும்போது
(வானொலி மறையுரை)



நம் குடும்பங்களில் வருகிற, ஆனால் நாம் அதிகம் பேசாத ஒரு நாளைப் பற்றி இன்று சிந்திப்போம். வீட்டுப் பெரியவர் ஒருவர், இத்தனை ஆண்டுகளாகத் தாம் ஓட்டி வந்த காரை இனி ஓட்டுவதில்லை என்று முடிவெடுக்கிற நாள் அது. இரவில் எதிரே வரும் விளக்கு அவர் கண்ணைக் கூசுகிறது. கிளட்சை மிதித்தால் முழங்கால் வலிக்கிறது. கார் கொட்டகையில் உறை போர்த்தியபடி நிற்கத் தொடங்குகிறது. ஒருநாள் அவர் அண்ணன் மகனையோ, மருமகனையோ, தங்கை மகளையோ கூப்பிட்டு, "எனக்கு இனிமே எதுக்குப்பா? நீயே எடுத்துக்க" என்கிறார்.

சாதாரணமாகச் சொல்வதுபோல்தான் சொல்வார். சொல்லி முடித்தபின் அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருப்பதையும் நாம் கவனிக்க வேண்டும்.

பிச்சாவரம், கிள்ளை, பரங்கிப்பேட்டை, சிதம்பரம் பக்கத்து வீடுகளில் ஒரு கார் என்பது ஒருவருக்கு மட்டும் உரியதாக இருந்ததில்லை. 1950களின் இறுதியில் வந்து 2014 வரை தயாரிக்கப்பட்ட அம்பாசிடர் தெருவுக்கு ஒன்று இருந்தாலே பெரிது. இன்று அந்த இடத்தில் டிசையரோ எட்டியோஸோ நிற்கலாம். பெயர் மாறினாலும் வேலை மாறவில்லை. வேளாங்கண்ணித் திருவிழாவுக்கு டிக்கி நிறைய பாத்திரமும் பாயும் ஏற்றிக்கொண்டு போனது அது. நடு இரவில் பிரசவ வலி எடுத்த பக்கத்து வீட்டுப் பெண்ணை அண்ணாமலைநகர் மருத்துவமனைக்குக் கொண்டு சேர்த்தது அது. அந்தச் சாவியைக் கையில் வைத்திருந்தவரைத் தேடி எந்த நேரத்திலும் ஆள் வந்தார்கள். "ஐயா, கொஞ்சம் வண்டி எடுக்க முடியுமா?" என்று கேட்டார்கள். சாவியைக் கொடுத்துவிட்ட பிறகு அப்படி யாரும் அவரிடம் வந்து கேட்கமாட்டார்கள்.

உயிர்த்த ஆண்டவர் திபேரியக் கடலோரத்தில் சீடர்களோடு உணவருந்திய பிறகு பேதுருவிடம் சொன்னதை யோவான் நற்செய்தியின் கடைசி அதிகாரத்தில் வாசிக்கிறோம். இளமையில் நீ விரும்பிய இடத்துக்குப் போனாய், முதுமையிலோ நீ கையை நீட்டுவாய், வேறொருவர் உன்னை உனக்கு விருப்பமில்லாத இடத்துக்குக் கூட்டிப்போவார் என்ற பொருளில் ஆண்டவர் பேசுகிறார். பேதுரு எவ்வாறு இறக்கப்போகிறார் என்பதைக் குறிக்கும் சொற்கள் இவை என்று நற்செய்தியாளரே விளக்குகிறார். ஆனாலும் ஓட்டுநர் இருக்கையிலிருந்து எழுந்து பக்கத்து இருக்கைக்கு மாறிய எந்த முதியவரும் இந்தச் சொற்களில் தம்மை அடையாளம் கண்டுகொள்வார். அவர் கொடுப்பது வண்டியை மட்டுமல்ல, நினைத்த நேரத்தில் நினைத்த இடத்துக்குப் போகும் உரிமையையும்தான்.

அப்படியானால் வாங்கிக்கொள்கிற நாம் எப்படி நடந்துகொள்ள வேண்டும்? லூக்கா நற்செய்தியின் 15ஆம் அதிகாரம் நமக்கு உதவுகிறது. இளைய மகன் தன் பங்கைக் கேட்டார். தந்தை மறுக்காமல் பிரித்துக் கொடுத்தார். கேட்டதே தந்தையைப் புண்படுத்தியிருக்கும். ஆனால் முறிவு முழுமையானது அதற்கு அடுத்த அடியில்தான். கிடைத்ததையெல்லாம் மூட்டை கட்டிக்கொண்டு, தந்தையின் குரல் எட்டாத தூரத்துக்கு அவர் போய்விட்டார். கொடுத்தவரின் பொருள் கையில் இருந்தது; கொடுத்தவரோ நினைவில்கூட இல்லை.

கிள்ளைப் பக்கம் ஒரு குடும்பத்தை நினைத்துக்கொள்வோம். பெரியப்பா காரைக் கொடுத்துவிட்டார். தம்பி மகன் அதைச் சிதம்பரத்துக்கு எடுத்துப்போய், புது சீட் கவர் போட்டு, நன்றாகவே வைத்திருக்கிறார். மூன்று மாதம் கழித்துப் பெரியப்பாவுக்குக் கண் பரிசோதனை. "அவனுக்கு வேலை இருக்கும், தொந்தரவு பண்ண வேணாம்" என்று பெரியவரும் பெரியம்மாவும் பேருந்தில் போகிறார்கள். ஏறக்குறைய 15 கிலோமீட்டர் கம்பியைப் பிடித்தபடி நிற்கிறார்கள். அவர்களுடைய கார் அதே ஊரில் ஓர் அலுவலக வாசலில் வெயிலில் நிற்கிறது. இங்கே யாரும் யாரையும் ஏமாற்றவில்லை, சண்டையும் இல்லை. இருந்தும் அந்தக் கார் தொலைநாட்டுக்குப் போய்விட்டது.

பெரியவர்கள் கேட்கமாட்டார்கள், அன்பானவர்களே. கொடுத்த பொருளைத் திரும்பக் கேட்பதுபோல் ஆகிவிடுமே என்று கூச்சப்படுவார்கள். ஆகவே நாம்தான் முந்திக்கொள்ள வேண்டும். சாவி வாங்கும் அன்றைக்கே அவருடைய பயணங்களையும் கேட்டு வாங்கிக்கொள்வோம். மருத்துவமனைக்கு எந்தத் தேதி? ஞாயிறு திருப்பலிக்கு யார் கூட்டிப்போவது? கல்லறைத் திருநாளன்று எந்த ஊர்க் கல்லறைக்குப் போவார்? ஓய்வூதியத்துக்காக ஆண்டுக்கொரு முறை வாழ்நாள் சான்று கொடுக்க எப்போது போக வேண்டும்? இவற்றைக் காலண்டரில் குறித்துக்கொண்டால், தந்தையையும் தாயையும் மதித்து நடக்கச் சொல்கிற நான்காம் கட்டளை நம் வீட்டுச் சுவரிலேயே தொங்கும்.

பிச்சாவரத்தில் படகில் போனவர்கள் சுரபுன்னை மரங்களில் நீளமாய், பச்சையாய், முருங்கைக்காய்போல் தொங்குவதைப் பார்த்திருப்பார்கள். அவை காய்கள் அல்ல, நாற்றுகள். மற்ற மரங்களின் விதை மண்ணில் விழுந்த பிறகு முளைக்கிறது. சுரபுன்னையின் விதையோ தாய்மரத்தில் இருக்கும்போதே முளைத்து, பல மாதங்கள் தாயிடமிருந்தே உணவு பெற்று வளர்ந்து, அதன் பிறகுதான் கீழே விழுகிறது. உப்புச் சேற்றில் வேரூன்றும் வலிமை அதற்கு அங்கேயே கிடைத்துவிடுகிறது. குடும்பத்தில் ஒரு பொருள் கைமாறுவதற்கும் இது நல்ல வழி. பெரியவர் நலமாய் இருக்கும்போதே அவரைப் பக்கத்தில் உட்கார வைத்து நாலு முறை ஓட்டிப் பார்ப்போம். எந்தக் கியர் கொஞ்சம் முரண்டு பிடிக்கும், எந்த மெக்கானிக்குக்கு இந்த வண்டியின் குணம் தெரியும் என்று அவர் சொல்லட்டும். அப்போது தாம் ஒதுக்கப்படுவதாக அவர் நினைக்கமாட்டார், கற்றுக்கொடுப்பவராக இருப்பார்.

அதே சமயம் உண்மையையும் பார்க்க வேண்டும். கடலோரக் காற்றில் உப்பு இருக்கிறது. அடிப்பாகத்தையும் சக்கரத்தின் மேல் வளைவுகளையும் அது மெல்ல அரிக்கும். 2015 நவம்பரில் நம் மாவட்டத்தில் வெள்ளம் வந்தது நினைவிருக்கும். பழைய வண்டியில் தரை விரிப்பைத் தூக்கி, சேறு படிந்த தடம் இருக்கிறதா என்று பார்ப்பது நல்லது. பெரியவரின் வண்டி குறைவாகவே ஓடியிருக்கும், ஆகவே டயரின் பட்டன் தேயாமல் புதிதுபோல் தெரியும். ஆனால் டயருக்கும் வயது உண்டு. அதன் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். முதல் இரண்டு வாரத்தையும் அடுத்த இரண்டு ஆண்டையும் குறிக்கும். 2316 என்றிருந்தால் அது 2016ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் செய்தது. ரப்பர் வெடித்திருந்தால் மாற்றிவிட வேண்டும். பிரேக் ஆயிலும் காலப்போக்கில் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். இப்படிப் பார்ப்பது பெரியவரைச் சந்தேகிப்பதாகாது. அந்த வண்டியில் நாளை அவரும் நம் பிள்ளைகளும்தானே உட்காரப் போகிறார்கள்?

விலையையும் எல்லோரும் இருக்கும்போது பேசிவிடுவோம். "அவனுக்கு மட்டும் சும்மா தூக்கிக் கொடுத்துட்டார்" என்கிற ஒரு சொல், வண்டி ஓடி முடிந்த பிறகும் உடன்பிறந்தோரிடையே ஓடிக்கொண்டிருக்கும். இலவசம் என்றால் இலவசம் என்று எல்லோருக்கும் தெரியட்டும். விலை என்றால் அது நியாயமான விலையாக இருக்கட்டும். கேட்கத் தயங்குகிறார் என்பதற்காகக் குறைத்துக் கொடுக்க வேண்டாம்.

அடுத்தது, பெயர் மாற்றம். "நம்ம வீட்டுக்குள்ளே என்ன காகிதம்?" என்று பலர் விட்டுவிடுகிறோம். இதில்தான் பெரிய ஆபத்து இருக்கிறது. 2018இல் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில் தீர்ப்பளித்தது. ஒரு கார் பலர் கைமாறியிருந்தது, பதிவில் மட்டும் முதல் உரிமையாளரின் பெயரே இருந்தது. விபத்துக்கு இழப்பீடு தரும் பொறுப்பு பதிவில் பெயர் உள்ளவருக்கே என்று நீதிமன்றம் சொன்னது. அப்படியானால் நாம் ஓட்டும்போது நேரும் விபத்துக்கு, படுக்கையில் இருக்கும் பெரியப்பாவின் பெயருக்கு நோட்டீஸ் வரக்கூடும். கொடுத்த அன்புக்கு நாம் செய்யும் கைம்மாறு அதுவாகலாமா?

செய்ய வேண்டியது அதிகமில்லை. படிவம் 29, படிவம் 30 இரண்டிலும் கையெழுத்திட்டு வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கொடுக்க வேண்டும். ஒரே மாநிலத்துக்குள் என்றால் கொடுப்பவர் 14 நாளுக்குள்ளும் வாங்குபவர் 30 நாளுக்குள்ளும் தெரிவிக்க வேண்டும் என்கிறது மோட்டார் வாகனச் சட்டம். இன்ஷூரன்ஸையும் 14 நாளுக்குள் நம் பெயருக்கு மாற்ற விண்ணப்பிக்க வேண்டும். பெரியவர் இறைவனடி சேர்ந்த பிறகு என்றால் படிவம் 31. அதை மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும், வாரிசுகளின் சம்மதமும் தேவைப்படும். அவர் உயிரோடிருக்கும்போது ஒரு காலைப் பொழுதில் முடியும் வேலை, அவருக்குப் பிறகு பல வீடுகளின் படியேற வைக்கும். பதிவில் நம் பெயர் வருவது நாம் பொறுப்பேற்றுக்கொண்டோம் என்பதன் அடையாளம்.

பழைய கார் நமக்குக் கௌரவக் குறைச்சல் என்று தயங்குகிற இளைஞர்களும் கேட்டுக்கொண்டிருக்கலாம். 2013 செப்டம்பரில், இத்தாலியின் வெரோனாவைச் சேர்ந்த ரென்சோ சொக்கா என்ற 69 வயது அருட்தந்தை, தம்முடைய பழைய ரெனோ 4 காரைத் திருத்தந்தை பிரான்சிசுக்குப் பரிசளித்தார். அது 1984இல் செய்தது. மூன்று லட்சம் கிலோமீட்டர் ஓடியிருந்தது. தொழிலாளர் வாழும் ஏழைப் பகுதியில் பல ஆண்டுகள் பணியாற்றியவர் அவர். திருத்தந்தை அந்தக் காரை மகிழ்வோடு ஏற்று, வத்திக்கானுக்குள் தாமே ஓட்டியும் பார்த்தார்.

அதற்கு ஏறக்குறைய அரை நூற்றாண்டுக்கு முன், 1964 டிசம்பரில் பம்பாய் நற்கருணை மாநாட்டுக்கு வந்த திருத்தந்தை ஆறாம் பவுல், தாம் பயன்படுத்திய காரை அன்னை தெரசாவிடம் கொடுத்துச் சென்றார். அன்னை அதைக் குலுக்கல் பரிசாக வைத்து, கிடைத்த பணத்தைத் தொழுநோயாளருக்கான குடியிருப்புக்குச் செலவிட்டார். ஒருவர் பெற்ற காரை ஓட்டிப் பார்த்தார். மற்றவர் அதில் ஏறவே இல்லை. ஆனால் கொடுத்தவரின் மனத்தை இருவரும் காப்பாற்றினார்கள்.

நம் வீட்டுக்கு வரும் காரும் அப்படியே இருக்கட்டும். பெரியவர் ஓட்டிய காலத்தில் யாருக்கெல்லாம் அது நின்று ஏற்றிக்கொண்டு போனதோ, அவர்களுக்கு இனியும் நிற்கட்டும். முன் இருக்கையில் அவருக்கு எப்போதும் இடம் இருக்கட்டும்.

செபிப்போம். அன்புத் தந்தையே, எங்களுக்கு முன் வழி நடந்தவர்களுக்காக உமக்கு நன்றி. அவர்கள் கைகள் தளரும் நாளில் அவர்களைத் தாங்கும் கைகளாக எங்களை ஆக்கும். அவர்கள் தந்ததை எடுத்துக்கொண்டு அவர்களை விட்டு விலகிப்போகாத மனத்தை எங்களுக்குத் தாரும். சாலைகளில் எங்களையும் எங்கள் எதிரே வருவோரையும் காத்தருளும். எங்கள் ஆண்டவராகிய கிறிஸ்து வழியாக உம்மை மன்றாடுகிறோம். ஆமென்.