அம்மா ஏன் கைதட்டவில்லை?

(கல்லூரி மாணவர்களுக்கான கலை ரசனைப் பயிலரங்கு ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



எனக்குக் கொடுத்திருக்கும் தலைப்பு ‘கலையை ரசிப்பதில் கற்பனையின் இடம்’. படைப்பவருக்குக் கற்பனை வேண்டும் என்பதை எல்லோரும் ஒத்துக்கொள்வோம். கேட்பவருக்கு எதற்கு? உட்கார்ந்து கேட்டால் போதாதா? போதாது என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் என் அம்மா. அதனால் அவரிடமிருந்தே தொடங்குகிறேன்.

நான் முதுகலை படித்தபோது கல்லூரி ஆண்டு விழாவுக்கு அம்மாவை அழைத்துப் போயிருந்தேன். அன்று காலையிலிருந்தே தூறல். மாலையில் மாணவர்கள் பறை அடித்தார்கள். அரங்கமே எழுந்து ஆடியது. முடிந்ததும் பேராசிரியர் ஒருவர் மைக்கை வாங்கி, இது ஆதித் தமிழரின் இசை, நம் எல்லோருக்கும் பெருமை என்றார். மறுபடியும் கைதட்டல். அம்மா மட்டும் மடியில் கையை வைத்தபடி உட்கார்ந்திருந்தார்.

திரும்பும்போது பேருந்தில் கேட்டேன். “ஏம்மா, பிடிக்கலையா?”

“புள்ளைங்க நல்லாத்தான் அடிச்சதுங்க. தோலுதான் காயல. சத்தம் தொங்குது. உங்க தாத்தாவா இருந்தா பாதியிலயே இன்னொருக்கா தீயில காட்டியிருப்பாரு.”

கொஞ்ச நேரம் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தவர், தானாகவே சொன்னார்: “இவங்க நெனச்சப்ப நிறுத்திட்டாங்கல்ல? எங்கப்பாவால அது முடியாது. பொணம் எடுக்குற வரைக்கும் அடிக்கணும். தோலு காயுற நேரம்தான் அவருக்கு மூச்சு வாங்குற நேரம்.”

தோழர்களே, கலை ரசனை பற்றி நான் எத்தனையோ புத்தகங்கள் படித்துவிட்டேன். அம்மா பேருந்தில் சொன்ன இந்த இரண்டு விஷயங்களைத் தாண்டி என்னால் போக முடியவில்லை.

முதலாவதை எடுத்துக்கொள்வோம். ஈரக்காற்றில் பறையின் தோல் தளரும். வைக்கோலைக் கொளுத்தி அந்தச் சூட்டில் காட்டினால்தான் அது விறைக்கும். ஒரு கையில் நீண்டு மெலிந்த சிண்டுக்குச்சி, இன்னொரு கையில் அடிக்குச்சி. தோல் தளர்ந்திருந்தால் இரண்டு குச்சிகளின் சத்தமும் ஒன்றோடொன்று கலந்து மங்கிவிடும். அந்தக் கூச்சலுக்கு நடுவே அம்மாவின் காது இதைப் பிடித்துவிட்டது. அந்த அரங்கில் இருந்தவர்களில் உண்மையான இசை விமர்சகர் அவர்தான். ஆனால் அவரை ரசிகை என்று இதுவரை யாரும் அழைத்ததில்லை.

ரசிகர் என்றதும் நம் மனதில் வரும் படம் எது? சபாவின் முன்வரிசை, தொடையில் தாளம் போடும் கை. சேரியில் உட்கார்ந்து கேட்பவர் நம் கற்பனையில் வெறும் கூட்டம். சாதி கலைஞர்களை மட்டும் தரம் பிரிக்கவில்லை. காதுகளையும் தரம் பிரித்து வைத்திருக்கிறது.

கர்நாடக இசை மேடையிலிருக்கும் மிருதங்கத்தைப் பாருங்கள். பலா மரத்தில் கடைந்த கட்டை. பசு, ஆடு, எருமை ஆகியவற்றின் தோல். தோலைத் தேர்ந்தெடுத்துப் பதப்படுத்தி, வார் இழுத்துக் கட்டி, வலந்தலையில் கருப்புச் சோற்றை அடுக்கடுக்காகத் தேய்த்து ஏற்றி, வாசிப்பவர் கேட்கும் நாதத்தைக் கொண்டுவருபவர்களில் பெரும்பாலோர் தலித் மக்கள், அவர்களிலும் பலர் தலித் கிறிஸ்தவர்கள். பாலக்காடு மணி ஐயரின் நாதத்தை வியந்து பேசாதவர் இல்லை. அந்த நாதத்துக்காக அவரோடு சேர்ந்து உழைத்த பர்லாந்துவின் பெயர் எத்தனை ரசிகர்களுக்குத் தெரியும்? சரியான நாதம் எது என்று காதால் கண்டுபிடிக்காமல் ஒருவரால் மிருதங்கம் செய்ய முடியுமா? அந்தக் காதின் அறிவை ‘வேலை’ என்றோம், மேடையில் இருப்பவரின் அறிவை ‘வித்வத்’ என்றோம்.

இந்தக் கலைஞர்களைப் பற்றி டி.எம். கிருஷ்ணா ‘செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்’ என்ற நூலை எழுதினார். 2020 பிப்ரவரியில் அதன் வெளியீட்டுக்கு அரங்கம் தர ஒப்புக்கொண்டிருந்த கலாக்ஷேத்ரா, கடைசி நேரத்தில் அனுமதியைத் திரும்பப் பெற்றது. நூல் வேறு இடத்தில் வெளியானது. மிருதங்கம் அந்த மேடையில் ஒலிக்கலாம். அதன் தோல் எங்கிருந்து வருகிறது, யார் கை வழியாக வருகிறது என்று பேசினால் மட்டும் அது அரசியலாகிவிடுகிறது. கேட்பவர் இவ்வளவுதான் கற்பனை செய்யலாம், இதற்கு மேல் போகக் கூடாது என்று கோடு கிழிப்பது என்பது இதுதான்.

அம்மா சொன்ன இரண்டாவது விஷயம் இன்னும் கடினமானது: நிறுத்த முடிவது, முடியாமல் போவது.

பறை தொன்மையானது என்பதில் சந்தேகமில்லை. தொல்காப்பியம் கருப்பொருள்களின் வரிசையிலேயே பறையைச் சேர்த்திருக்கிறது. அந்தப் பேராசிரியரும் தவறாக எதையும் சொல்லவில்லை. ஆனால் ஆதித் தமிழருக்கும் ஆண்டு விழாவுக்கும் நடுவில் இருந்த என் தாத்தாவை அவர் தாண்டிக் குதித்துவிட்டார். சாவுக்குப் பறையடிக்க மறுத்ததற்காக எத்தனையோ ஊர்களில் நம் மக்கள் அடிபட்டிருக்கிறார்கள், ஊர்விலக்கம் செய்யப்பட்டிருக்கிறார்கள். அதனால்தான் பறையைத் தூக்கியெறிந்து உடைக்கும் போராட்டங்கள் நடந்தன. பிறகு அதே பறையை விடுதலையின் கருவியாக மேடையேற்றியதும் நம் இயக்கங்கள்தான். இதில் முரண்பாடு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. அடிப்பதா வேண்டாமா என்பதை அடிப்பவரே முடிவு செய்யட்டும் என்பதைத்தான் இரண்டும் சொல்கின்றன.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். தாத்தாவை அடிமை என்று மட்டும் நினைத்து இரக்கப்பட்டாலும் அவரைச் சிறுமைப்படுத்தியதாகிவிடும். நாலு பேர் சேர்ந்து அடித்தாலும் எது அப்பா அடி என்று அடுப்படியில் இருந்தே சொல்லிவிடுவேன் என்பார் அம்மா. விடிய விடிய அடித்தே ஆக வேண்டிய அந்தக் கட்டாயத்துக்குள்ளும் தனக்கென்று ஓர் அடியை உருவாக்கி வைத்திருந்தவர் அவர். அது படைப்பு. ஊர் அதைச் சாவுச் சத்தமாகக் கேட்டது. பேராசிரியர் அதைப் பெருமையாகக் கேட்டார். அம்மா ஒருவர்தான் அதில் ஒரு மனிதரைக் கேட்டார்.

கேட்பவரின் கற்பனை என்று நான் சொல்வது இதைத்தான். சத்தத்துக்குப் பின்னால் இருக்கும் கையை, அந்தக் கை பட்ட வலியை, அந்தக் கையின் திறமையை ஒரே நேரத்தில் மனதில் கொண்டுவருவது. இதற்கு உழைப்பு வேண்டும். எழுந்து ஆடுவது சுலபம்.

2025இல் வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ கிடைத்தபோது நானும் மகிழ்ந்தேன். அந்த விருதை மட்டும் கொண்டாடிவிட்டு, உங்கள் ஊரில் துக்கத்துக்கு ஆள் அனுப்பிப் பறையடிக்கக் கூப்பிடும் வழக்கத்தைப் பற்றி வாய் திறக்காமல் இருந்தால், நீங்கள் இன்னும் பறையைக் கேட்கவே தொடங்கவில்லை.

இங்கே இருக்கும் தலித் மாணவர்களுக்கு ஒரு வார்த்தை. பறையை நீங்கள் நேசித்தே ஆக வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. உங்களுக்குக் கானா பிடிக்கலாம், ராப் பிடிக்கலாம், வயலின் கற்றுக்கொள்ளத் தோன்றலாம். 2018 ஜனவரியில் சென்னையில் ‘தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ முதன்முதலாக மேடையேறியபோது கானாவும் ராப்பும் ராக்கும் ஒன்றாக ஒலித்தன. எது உன் இசை என்று இன்னொருவர் முடிவு செய்யும் காலம் முடிய வேண்டும். பிடிக்கவில்லை என்றால் கைதட்டாமல் இருக்கும் உரிமையும் உங்களுக்கு உண்டு. அது என் அம்மா எனக்குக் காட்டிய உரிமை.

போன வருடம் எங்கள் தெருப் பிள்ளைகள் அம்பேத்கர் பிறந்தநாளுக்குப் பறை அடித்தார்கள். ஆரம்பிக்கும் முன் அம்மா எழுந்து போனார். ஒரு பறையைச் சுண்டிப் பார்த்துவிட்டு, “இன்னும் கொஞ்சம் காச்சுங்கடா” என்றார். பிள்ளைகள் வைக்கோல் கொண்டுவந்தார்கள். காய்ந்தது. அடித்தார்கள். களைத்தபோது நிறுத்தினார்கள், தண்ணீர் குடித்தார்கள், சிரித்தார்கள், மறுபடி அடித்தார்கள்.

அன்று அம்மா கைதட்டினார்.