அகவை கேட்பவன் முகவரி கேட்பதேன்?



இழிகாமக் காட்சிகள் சிறாரின் கண்ணிற் படாமற் காக்க வேண்டும் என்பதில் நமக்குக் கருத்து வேறுபாடு இல்லை. பெற்ற வயிற்றின் தவிப்பை எள்ளி நகையாடுவோர் பக்கம் நாம் நிற்கவும் மாட்டோம். ஆயின், அதன் பெயரால் பிரித்தானியாவில் நடப்பதைச் சற்றே எண்ணிப் பாருங்கள்.

அந்நாட்டின் இணையப் பாதுகாப்புச் சட்டம் 2023-இல் இயற்றப்பெற்றது. அதன்படி, 2025 சூலை 25 முதல், அத்தகு காட்சிகளைத் தரும் வலைத்தளங்கள் வருவோரின் அகவையை உறுதி செய்த பின்னரே உள்ளே விட வேண்டும். முகத்தைப் படமெடுத்துக் காட்டலாம், கடவுச்சீட்டைக் காட்டலாம், வைப்பகக் கணக்கைக் கொண்டும் மெய்ப்பிக்கலாம். தவறும் குழுமத்திற்கு 1 கோடியே 80 இலக்கம் பவுண்டு, அல்லது அதன் உலக வருவாயில் பத்தில் ஒரு பங்கு, இவற்றுள் எது மிகுதியோ அதுவரை தண்டம் விதிக்கலாம்.

சிறுவனைத் தடுக்க வேண்டுமாயின் முதியவரையும் வாயிலில் நிறுத்திக் கேட்டாக வேண்டும். முடிச்சு இங்கேதான் உள்ளது. கேட்க வேண்டியது ஒரே வினா: பதினெட்டு நிரம்பிற்றா, இல்லையா? அதற்கு விடையாகப் பெயரும் பிறந்த நாளும் முகமும் இல்ல முகவரியும் ஏன் போக வேண்டும்?

போனவை என்னவாயின? திசுகார்டு என்னும் உரையாடல் தளம், தனக்கு உதவிப் பணி செய்த வேறொரு குழுமத்தின் வழியே, ஏறத்தாழ 70,000 பேரின் அரசு அடையாள ஆவணப் படங்கள் களவு போயிருக்கக் கூடும் என்று 2025 அக்தோபரில் அறிவித்தது. அவை எதற்காகத் தரப்பட்டவை? அகவை பற்றிய முடிவை எதிர்த்து முறையிடுவதற்காக! கடவுச்சொல் களவு போனால் மாற்றிக் கொள்ளலாம். முகத்தை எங்ஙனம் மாற்றுவது? இத்தனைக்கும், கணினி விளையாட்டுப் பாவையொன்றின் முகத்தைக் காட்டியே சிலர் அந்தத் தளத்தின் காவலைக் கடந்து போயினர்!

இதே நாட்டில் 1939-இல் போரை முன்னிட்டு மக்களுக்கு அடையாள அட்டை கொடுத்தனர். போர் 1945-இல் முடிந்தது, அட்டை முடியவில்லை. 1950 திசம்பரில் இலண்டனில் சீருந்து ஓட்டி வந்த கிளாரன்சு வில்காக் என்பாரைக் காவலர் மறித்து அட்டை கேட்டார். அவர் காட்ட மறுத்தார். 1951-இல் வழக்கு உயர்முறைமன்றம் வரை சென்றது. சட்டப்படி குற்றமே எனினும் ஒறுப்பு வேண்டா எனக் கொண்ட தலைமை நடுவர் கோடார்டு, போருக்கென வந்த சட்டத்தைப் பிறவற்றிற்குப் பயன்படுத்துவதைக் கடிந்துரைத்தார். 1952 பிப்பிரவரியில் அட்டையே ஒழிக்கப்பெற்றது.

இன்றோ, கேட்கும் வேலையை அரசு தனியார் குழுமங்களிடம் விட்டுவிட்டது. எனக்கு மிகுந்த அச்சம் தருவது இதுவே. வில்காக்கிற்கு எதிரே ஒரு காவலர் நின்றார், 'ஏன்?' என்று கேட்க முடிந்தது. முகப்படம் கேட்கும் திரையிடம் எதைக் கேட்பது?

வேறு வழி இல்லாமலில்லை. ஐரோப்பிய ஒன்றியம் 2025 சூலையில் வெளியிட்ட முன்னோட்டச் செயலி, 'பதினெட்டைக் கடந்தவர்' என்ற ஒன்றை மட்டும் தளத்திற்குச் சொல்லி, பெயரையும் பிறந்த நாளையும் சொல்லாமல் விடும் வகையில் அமைக்கப்பெற்றது.

இது நமக்கும் அயலார் செய்தி அன்று. இந்திய அரசின் 2023-ஆம் ஆண்டு எண்மத் தரவுக் காப்புச் சட்டம், பதினெட்டு நிரம்பாதோரின் தரவுகளைக் கையாளப் பெற்றோரின் இசைவு வேண்டும் என்கிறது. அதற்கான விதிகள் 2025 நவம்பரில் வெளிவந்தன. பிள்ளைக்காக இசைவளிக்கும் தாய், தான் இன்னார் என்பதை எவரிடம், எதைக் காட்டி மெய்ப்பிப்பாள்? காட்டியது எத்தனை நாள் அங்கே கிடக்கும்? இவ்விரு வினாக்களையும் உங்கள் தொகுதி மக்களவை உறுப்பினரிடம் எழுத்தில் கேளுங்கள். விடையையும் எழுத்திலேயே பெறுங்கள்.