தாம்பூலப் பையும் குப்பை மலையும்

(எங்கள் டில்லி கிளையின் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

சென்ற ஆண்டு என் பேரனுக்கு உபநயனம். முந்நூறு பேர் வந்திருந்தார்கள். இலைக்கு ஒரு சிறு தண்ணீர் பாட்டில். பந்தி முடிந்து பார்த்தால், பாதி பாட்டில்களில் இரண்டு வாய்தான் குறைந்திருந்தது. எச்சில் இலை, மீந்த சாதம், பாட்டில், ஐஸ்கிரீம் கிண்ணம் எல்லாவற்றையும் ஒரே கறுப்புப் பாலிதீன் பையில் திணித்துக் கட்டினார்கள். "இது எங்கேப்பா போகும்?" என்று கேட்டேன். "காஜிப்பூர், சாப்" என்றான் அந்தப் பையன். ஏற்பாடெல்லாம் என்னுடையது. யாரையும் குறை சொல்ல எனக்கு யோக்யதை இல்லை.

மயூர் விஹார்வாசிகளுக்கு அந்த மலை நல்ல பரிச்சயம். 1984-ல் குப்பை கொட்ட ஆரம்பித்த இடம். 2002-லேயே நிரம்பிவிட்டது, அதற்குப் பிறகும் கொட்டினார்கள். 2017 செப்டம்பரில் ஒரு பகுதி சரிந்து, சாலையில் போனவர்களை வாகனத்தோடு கால்வாயில் தள்ளியது. இரண்டு பேர் மாண்டார்கள். 2022 மார்ச்சில் தீப்பிடித்து எரிந்தது.

ஏன் எரிகிறது? நான் படித்தது கெமிஸ்ட்ரி, சற்றுப் பொறுத்துக்கொள்ளுங்கள். இலையும் சாதமும் காற்றுப்பட மட்கினால் எருவாகும். அதையே பையில் கட்டிக் குப்பைக்கடியில் புதைத்தால், காற்றில்லாமல் அழுகி மீத்தேன் உண்டாகிறது. எரியும் வாயு அது. பூமியைச் சூடாக்குவதிலும், நூறாண்டுக் கணக்கில், எடைக்கு எடை கரியமில வாயுவைப்போல் சுமார் 28 மடங்கு. வாழை இலையில் சாப்பிட்டோம் என்ற நம் திருப்தி பாதிதான் நியாயம். அந்த மலைமேல் ஏறி, நாம் எறிந்த பாட்டிலைப் பொறுக்குகிறவர்கள் நெஞ்சில்தான் அந்தப் புகை முதலில் இறங்குகிறது.

2022 ஜூலை 1 முதல் பிளாஸ்டிக் தட்டு, டம்ளர், ஸ்ட்ரா முதலியவற்றுக்கு நாடெங்கும் தடை. தண்ணீர் பாட்டில் அந்தப் பட்டியலில் இல்லை. அதுவும் வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். முப்பத்தைந்து வருஷம் சர்க்காரில் குப்பை கொட்டியவன் சொல்கிறேன்!

வரும் தை மாதம் பேத்திக்குக் கல்யாணம். எவர்சில்வர் டம்ளர்தான். இலைகள் தனியாகக் கோசாலைக்கு. தாம்பூலத்துக்கு மஞ்சள் துணிப்பை. உள்ளே தேங்காய், வெற்றிலை பாக்கு, மஞ்சள், குங்குமம். பிளாஸ்டிக் டப்பா கிடையாது. "டம்ளர் கழுவ நாலு ஆள் கூட வேணுமே, மாமா" என்றார் சமையல் கான்ட்ராக்டர். சம்மதித்தேன். சம்பந்தி மாமாதான், "பாட்டில் வைக்கலேன்னா வர மனுஷா என்ன நினைச்சுப்பா?" என்கிறார். இன்னும் பேசிக்கொண்டிருக்கிறோம். அவர் இதோ, மூன்றாவது வரிசையில்தான் உட்கார்ந்திருக்கிறார்.