எண்வகை விடையும் ஒரு கட்டைவிரலும்



இலக்கண நூல் ஒன்றின் சிறு பகுதியிலிருந்து இவ்வுரையைத் தொடங்குவோம். 13ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த நன்னூலில் பவணந்தி முனிவர் விடையை எட்டு வகையாகப் பகுத்துள்ளார். ‘தேக்காவுக்கு வழி எது?’ என்று ஒருவர் வினவ, ‘இது’ என்று காட்டுவது சுட்டு. ‘இதைச் செய்வாயா?’ என்ற வினாவுக்குச் ‘செய்யேன்’ என்பது மறை, ‘செய்வேன்’ என்பது நேர், ‘நீயே செய்’ என்பது ஏவல், ‘செய்யாமல் இருப்பேனா?’ என்பது வினா எதிர் வினாதல். ‘கை வலித்தது’ என்பது உற்றது உரைத்தல். ‘கை வலிக்கும்’ என்பது உறுவது கூறல். ‘மற்றதைச் செய்வேன்’ என்பது இனமொழி. முதல் மூன்றும் நேரடி விடைகள். எஞ்சிய ஐந்தும் குறிப்பினால் விடையாகின்றவை.

தேர்வுக்காக மனப்பாடம் செய்யும் பட்டியலாகவே பலர் இதனைக் கருதுவர். எனினும், இருவர் எதிரெதிரே அமர்ந்து பேசும்போது நிகழ்வதைக் கூர்ந்து நோக்கிய ஒருவரால்தான் இவ்வாறு வகுத்திருக்க இயலும். ‘கை வலித்தது’ என்று மகன் கூறினால், அதில் மறுப்பு இருப்பதைத் தாய் உணர்கிறாள். வலி இருப்பதையும் உணர்கிறாள். ‘எப்போதிருந்து வலிக்கிறது?’ என்பது அவளது அடுத்த வினா. ஏவிய வேலை பின்னுக்குச் செல்ல, உறவு முன்னுக்கு வருகிறது. குறிப்பு விடைகள் ஐந்தும் பெரும்பாலும் இவ்வாறு அடுத்த வினாவுக்கு வாயில் திறந்து வைக்கின்றன.

இன்று பல வீடுகளில் வினா வாட்ஸ்அப் வழியே செல்கிறது. ‘இரவு சாப்பிட வீட்டுக்கு வருவாயா?’ என்று தாய் எழுதுகிறாள். உயர்த்திய கட்டைவிரல் ஒன்று மறுமொழியாக வருகிறது. நன்னூலார் இதனை நேர் விடை என்று வகைப்படுத்தியிருப்பார். இதில் குறை காண வேண்டியதில்லை. செய்தி சென்று சேர்ந்தது, சோறும் ஆக்கப்படும். மகன் ஆவலோடு வருகிறானா, அயர்ச்சியோடு வருகிறானா என்பதை மட்டும் அவ்விரல் சொல்லவில்லை. அதனைக் கேட்டறிய வேண்டிய உணவு வேளையிலும் அக்கருவியே மேசைமீது ஒளிர்ந்துகொண்டிருந்தால், குறிப்பு விடைகளுக்கு வீட்டில் இடம் ஏது?

தொழில்நுட்பத்தைப் பழிப்பது நம் நோக்கமன்று. எது தேவை, எது தேவையற்றது என்று பிரித்தறிவதற்கு மொழியியல் ஓர் அளவுகோலைத் தருகிறது. அந்த அளவுகோல் ‘எதிர்மொழி’ என்பதே.

உரையாடலில் ஒருவர் முடித்ததற்கும் மற்றவர் தொடங்குவதற்கும் இடையே எவ்வளவு நேரம் கழிகிறது? பத்து மொழிகளை ஒப்பிட்டு 2009இல் வெளிவந்த ஆய்வு ஒன்று, அவ்விடைவெளி சராசரியாக ஒரு நொடியில் ஐந்தில் ஒரு பங்கு அளவே என்று காட்டியது. ஏறத்தாழ ஒரு கண்ணிமைப்பொழுது. அவ்வளவு குறுகிய பொழுதில் மறுமொழி தர வேண்டுமாயின், எதிரிலிருப்பவர் பேசி முடிக்கும் முன்பே அவர் கருத்தை முன்னுணர்ந்திருக்க வேண்டும். உரையாடுதல் என்பது ஒருவர் மனத்தோடு மற்றவர் மனம் இணைந்து நடக்கும் நடை.

குழந்தை மொழி கற்பதும் இந்நடையில்தான். அமெரிக்காவின் சியாட்டிலில் பெட்ரிசியா கூல் என்னும் அறிஞரும் அவர்தம் குழுவினரும் செய்து 2003இல் வெளியிட்ட ஆய்வு இதற்குச் சான்று. ஆங்கிலச் சூழலில் வளர்ந்த ஒன்பது மாதக் குழந்தைகளுடன் மாண்டரின் மொழி பேசுவோர் நேரில் பன்னிரண்டு முறை விளையாடிப் பேசினர். அக்குழந்தைகள் மாண்டரின் ஒலிகளை வேறுபடுத்தி அறியக் கற்றனர். அதே பேச்சைக் காணொளியிலும் ஒலிப்பதிவிலும் பெற்ற குழந்தைகளிடம் அத்தகைய பயன் காணப்படவில்லை. ஒலி ஒன்றே, பேசுவோர் உடனிருந்து குழந்தையின் பார்வைக்கும் சிரிப்புக்கும் மறுமொழி தந்ததே வேறுபாடு.

2014இல் வெளிவந்த மற்றோர் ஆய்வையும் உடன்வைத்துப் பார்ப்பதே நடுநிலை. இரண்டு வயதுக் குழந்தைகள், நேரலைக் காணொளி அழைப்பில் தம்மோடு உரையாடியவரிடமிருந்து புதிய வினைச்சொற்களைக் கற்றுக்கொண்டனர். பதிவு செய்த காணொளியிலிருந்து கற்கவில்லை. எனவே, தொலைவிலுள்ள பாட்டியைத் திரையில் கண்டு பேசுவது தேவையான தொழில்நுட்பம். அங்கே எதிர்மொழி உண்டு. அதே பாட்டி அருகில் அமர்ந்திருக்க, குழந்தையின் கையில் திரையைத் தந்து கதை கேட்கச் செய்வது தேவையற்றது. பாட்டியின் கதைக்கு ‘உம்’ கொட்ட வேண்டும். கொட்டாவிட்டால் கதை நின்றுவிடும். இயந்திரம் சொல்லும் கதை, கேட்பவர் உறங்கிய பின்னும் ஓடிக்கொண்டிருக்கும்.

இது சிங்கப்பூர்த் தமிழருக்குக் கூடுதல் கவலை தர வேண்டிய செய்தி. மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, ஐந்து வயதும் அதற்கு மேற்பட்டவருமான குடியிருப்பாளருள் வீட்டில் தமிழையே மிகுதியாகப் பேசுவோர் 2010இல் 3.3 விழுக்காடு, 2020இல் 2.5 விழுக்காடு. கைத்தொலைபேசியே இதற்குக் காரணம் என்று கூறுவது பொருந்தாது. கல்வியிலும் பணியிலும் ஆங்கிலம் பெற்றுள்ள இடம் நாம் அறிந்ததே. ஆயினும், தமிழுக்கு எஞ்சியிருக்கும் பொழுது சிறிதாகச் சிறிதாக, அதில் இழக்கும் ஒவ்வொரு நிமிடத்தின் விலையும் கூடுகிறது. அப்பொழுது எங்கே உள்ளது? உணவு மேசையில், மின்தூக்கிக்குக் காத்திருக்கும் இடத்தில், உணவங்காடி நிலையத்தில்.

பரோட்டாக் கடையை எண்ணிப் பாருங்கள். ‘அண்ணே, ரெண்டு கோசோங், ஒரு முட்டை’ என்று ஒரு மாணவன் கேட்கிறான். ‘என்ன தம்பி, இன்னைக்குப் பள்ளிக்கூடம் இல்லையா?’ என்கிறார் கடைக்காரர். ‘இருந்தா இங்கே நிப்பேனா?’ என்று பையன் சிரிக்கிறான். வினா எதிர் வினாதல் என்னும் இலக்கணம் அங்கே இயல்பாக நிகழ்ந்துவிட்டது. உறவுமுறை விளியும் பேச்சுத் தமிழின் ஓசையும் உடன் வந்தன. திரையைத் தொட்டு உணவு கேட்கும் கடையில் பரோட்டா வரும். ‘தம்பி’ என்னும் சொல் வராது. நெரிசல் மிகுந்த கடைக்கு அத்திரை உதவலாம். மூவரே நிற்கும் வரிசையில் அதனால் யாருக்கு என்ன மிச்சம்?

‘வருவானாம்’, ‘வருவானோ’, ‘வருவான்தான்’ என்ற மூன்றையும் ஒலித்துப் பாருங்கள். கேள்விப்பட்டது, ஐயம், உறுதி எனப் பொருள் மாறுகிறது. இவ்விடைச்சொற்களின் பெயரை நூல் கற்பிக்கும். எவரிடம், எப்போது, எக்குரலில் எதனைச் சொல்வது என்பதைப் பேசுவோர் முகமே கற்பிக்கும். 2005ஆம் ஆண்டின் பாடத்திட்ட மறுஆய்வுக்குப் பின் பேச்சுத் தமிழ் நம் வகுப்பறைகளில் உரிய இடம் பெற்றது. வகுப்பறையில் விதைத்ததற்கு நீர் வார்க்க வேண்டியது வீடு.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். வாரம் ஒருமுறை எழுத்துப் பயிற்சி ஒன்றைக் குறைத்து, ‘வீட்டுப் பெரியவர் ஒருவரிடம் பத்து நிமிடம் பேசி வருக’ என்று பணியுங்கள். பதிவு செய்ய வேண்டா. பதிவு தொடங்கியதும் பெரியவர்கள் மேடைத் தமிழுக்கு மாறிவிடுவர். எண்வகை விடைகளில் எவற்றைக் கேட்டனர் என்று மறுநாள் வகுப்பில் மாணவர்கள் சொல்லட்டும். நன்னூலின் பட்டியல் அவர்தம் வீட்டுக் குரல்களோடு நினைவில் நிற்கும்.

மாணவர்களே, கைத்தொலைபேசியைத் துறந்துவிடுமாறு உங்களை யாரும் கேட்கவில்லை. உணவு மேசையில் அமரும்போது அதனை அடுத்த அறையில் வைத்துவிடுங்கள். முதல் நாள் பேச்சு தடுமாறும். அம்மாவும் அப்பாவும் கூடச் சற்று விழிப்பர். மௌனத்துக்கு அஞ்சித் திரையைத் தேடாதீர்கள். அம்மௌனத்தில் எவரேனும் ஒருவர், ‘இன்னைக்கு ரொம்பக் களைப்பா இருக்கு’ என்று, யாரும் கேட்காத வினாவுக்கு உற்றது உரைப்பார். ‘ஏன், என்ன ஆச்சு?’ என்று கேட்பது உங்கள் முறை.