நரம்பில்லா யாழ்



இசைப் போட்டி என்றவுடன் நம் நெஞ்சில் எழுவது ஏமநாதனும் பாணபத்திரரும் மோதவிருந்த பாண்டியன் அவையே. யான் இன்று சொல்ல வந்தது அமெரிக்க நாட்டில் 2005-க்கும் 2011-க்கும் இடையே நிகழ்ந்த மற்றொரு போட்டி. அதில் எதிரெதிர் நின்றவை இரு வாணிக நிறுவனங்கள். கருவியோ நரம்பே இல்லாத கித்தார். கணினித் திரை விளையாட்டிற்கும் கவிஞர் அவைக்கும் என்ன தொடர்பு என்று சிலர் புருவம் உயர்த்துவது தெரிகிறது. சற்றுப் பொறுத்தருள்க.

அக்கருவியின் இயல்பை முதற்கண் கூறிவிடுகிறேன். நெகிழியால் ஆன கித்தார். கழுத்துப் பகுதியில் பச்சை, சிவப்பு, மஞ்சள், நீலம், செம்மஞ்சள் என ஐந்து பொத்தான்கள். நரம்பு இருக்கவேண்டிய இடத்தில் மேலும் கீழும் அசையும் ஒரு சிறு பட்டை. திரையில் வண்ணக் குறிகள் நம்மை நோக்கி இறங்கி வரும். உரிய பொத்தானை அழுத்தி, உரிய கணத்தில் பட்டையைத் தட்டினால் பாட்டு தடையின்றி ஓடும். தவறினால் கித்தார் ஒலி மட்டும் அற்றுப்போகும். ஏனைய கருவிகளும் குரலும் தொடரும். இதனைச் சிறுபிள்ளை விளையாட்டு என்று எள்ளியவர் உண்டு. மெய்யான கித்தாரையே கற்கலாகாதா என்று கேட்டவரும் உண்டு. ஆயினும் ஒன்றைக் கருதவேண்டும். பாட்டைத் திரளாகவே கேட்டுப் பழகிய செவிக்கு, ஓர் இழை அறுபட்ட பின்னரே அவ்விழை அங்கு இருந்தது புலனாகிறது. செய்யுளில் ஒரு சீரை நீக்கிப் படிக்கச் சொல்லி மாணவர்க்குத் தளை கற்பிப்பவர் இதனை எளிதில் உணர்வர்.

இவ்விளையாட்டை ஆக்கியது ஹார்மோனிக்ஸ் என்னும் சிறு நிறுவனம். மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் பயின்ற அலெக்ஸ் ரிகோபுலோஸ், எரான் எகோசி ஆகிய இருவர் 1995-இல் தொடங்கியது அது. அவர்கள் செய்த ‘கித்தார் ஹீரோ’ 2005 நவம்பரில் ரெட் ஆக்டேன் வாயிலாக வெளிவந்தது. மறு ஆண்டே ரெட் ஆக்டேனை ஆக்டிவிஷன் வாங்கியது. ஹார்மோனிக்சை எம்டிவி வாங்கியது. பெயர் ஒருபுறமும் ஆக்கியோர் மறுபுறமுமாகப் பிரிந்தனர். 2007-இல் ஆக்டிவிஷன் வேறொரு குழுவைக் கொண்டு மூன்றாம் ‘கித்தார் ஹீரோ’வை வெளியிட, ஹார்மோனிக்ஸ் கித்தாரோடு முரசும் ஒலிவாங்கியும் சேர்த்து ‘ராக் பேண்ட்’ படைத்தது.

என் சார்பு எப்பக்கம் என்பதை மறைக்க வேண்டுவதில்லை. ‘ராக் பேண்ட்’ தனி வீரனை விடுத்துக் குழுவை முன்னிறுத்தியது. ஒருவர் தடுமாறி வீழ்ந்தால், தாம் சேர்த்து வைத்த ஆற்றலைச் செலவிட்டு மற்றவர் அவரை மீட்கலாம். சிலம்பின் அரங்கேற்று காதையில் தண்ணுமை ஆசான் பிற கருவிகளின் குறையை நிரப்பியும் மிகையை அடக்கியும் நிற்பவனாகக் காட்டப்படுகிறான் அன்றோ? அடுத்த ஆண்டே எதிரணியும் முரசையும் ஒலிவாங்கியையும் சேர்த்துக்கொண்டது.

போட்டியின் சிறுமைகளும் பல. ஒருவர் கருவி மற்றவர் விளையாட்டில் இயங்காத நிலையும் இருந்தது. 2009-இல் மட்டும் ‘கித்தார் ஹீரோ’ பெயரிலும் அதன் கிளைப் பெயர்களிலும் பற்பல வட்டுகள் வந்து குவிந்தன. வீடுதோறும் நெகிழிக் கருவிகள் மூலையில் அடுக்கப்பட்டன, வாங்குவோர் சலித்தனர். 2010-இல் ஹார்மோனிக்ஸ் மூன்றாம் ‘ராக் பேண்ட்’டுக்கென 102 பொத்தான்கள் கொண்ட கித்தாரையும், மெய்யான நரம்புகள் பூட்டிய கித்தாரையும் அறிவித்தது. மெய்யிசைக்கு மிக அணுகி வந்த அக்காலத்திலேயே சந்தை சரிந்தது. அவ்வாண்டின் இறுதியில் எம்டிவியின் தாய் நிறுவனம் ஹார்மோனிக்சை விற்றுவிட்டது; 2011 பிப்ரவரியில் ஆக்டிவிஷன் தன் ‘கித்தார் ஹீரோ’ பிரிவை மூடிற்று. 2015-இல் இரு பெயர்களும் மீண்டெழுந்தன எனினும் பழைய வேகம் வாய்க்கவில்லை.

இவை வாணிகச் செய்திகள். கவிஞர்களாகிய உங்கள்முன் வைக்க விரும்புவது 2009 செப்டம்பர் மாதத்தை.

அம்மாதம் 9-ஆம் நாள் ஹார்மோனிக்ஸ் பீட்டில்ஸ் குழுவின் பாடல்களுக்கென்றே ஒரு விளையாட்டை வெளியிட்டது. நால்வருள் லெனன் 1980-இலும் ஹாரிசன் 2001-இலும் மறைந்தவர். தொடக்கக் காலப் பாடல்கள் இரண்டே தடங்களில் பதிவானவை. அவற்றிலிருந்து ஒவ்வொரு கருவியின் ஒலியையும் பிரித்தெடுக்க ஜைல்ஸ் மார்ட்டின் தலைமையில் பெரும்பாடு பட்டனர். ஹாரிசனின் மகனும் அப்பணியில் துணைநின்றார். அவ்விளையாட்டில் பீட்டில்ஸ் உருவங்கள் தம் பாடல்களை மட்டுமே பாடின. அப்பாடல்களைப் பிற விளையாட்டுகளுக்கு எடுத்துச்செல்லவும் வழியில்லை.

அதே மாதம் ஆக்டிவிஷன் ஐந்தாம் ‘கித்தார் ஹீரோ’வை வெளியிட்டது. 1994-இல் மறைந்த கர்ட் கோபேன் அதில் ஓர் உருவமாக வந்தார். அவர்தம் பாடல்களை மட்டும் பாடவில்லை. விளையாடுவோர் விரும்பினால் பிறர் எழுதிய எப்பாட்டையும் அவர் வாயில் ஏற்றலாம். அவருடன் இசைத்த டேவ் குரோலும் கிறிஸ்ட் நோவோசெலிச்சும் மனம் நொந்து அறிக்கை விடுத்தனர். அவர் மனைவியும் கொதித்தெழுந்தார். உரிய உரிமத்தை எழுத்து மூலமாகவே பெற்றிருப்பதாக நிறுவனம் விடையிறுத்தது.

சட்டப்படி அவ்விடையில் பிழை இருந்திராது. ஆனால் பாட்டுக்கு உரிமம் வாங்குவதும் பாடியவன் வாய்க்கு உரிமம் வாங்குவதும் ஒன்றாகுமா? பாட்டு, இயற்றியவனை விட்டு ஊருக்குப் போய்விடும். அது அதன் இயல்பு. யார் வேண்டுமாயினும் பாடட்டும். தான் எழுதாத சொல்லைத் தன் முகத்தோடு சொல்ல நேர்வதோ வேறு. நெகிழிக் கித்தாரைக் கையிலேந்திய இளைஞன் எவனும் இத்தகைய கொடுமையைச் செய்யவில்லை. அவன் பிறர் பாட்டுக்குத் தன் விரலைத்தான் கொடுத்தான்.

இதன்மேல் அவையோர் கருத்தை அறிய விழைகிறேன். கலந்துரையாடலுக்கு நேரம் ஒதுக்கியிருப்பதாகத் தலைவர் கூறியிருக்கிறார்.