தலைகீழான மண்

காங்கேயம் பக்கம் போனவர்கள் கொறங்காடு என்னும் மேய்ச்சல் நிலத்தைப் பார்த்திருப்பீர்கள். சுற்றிலும் கிளுவை வேலி, நடுவே கொழுக்கட்டைப்புல், அங்கங்கே வெள்வேல மரம். மழை குறைந்த அந்தச் சீமையில் மாடும் ஆடும் பிழைப்பது மேலே கிடக்கிற ஒரு சாண் மண்ணால்தான்.

அந்த மேல்மண்ணே புரண்டுபோனால் என்ன ஆகும் என்று பார்க்க நெய்வேலிக்கு வாருங்கள். 1957-இல் நேரு தொடங்கிவைத்த சுரங்கம். பழுப்பு நிலக்கரியை எடுக்க, அதன்மேல் சில பனைமர ஆழத்துக்குக் கிடக்கும் மண்ணை வாரிக் கொட்ட வேண்டும். அடியிலிருந்து நீர் பீறிடாமல் இருக்க ராப்பகலாக இறைக்கவும் வேண்டும். மேல்மண்ணைத் தனியே சேமிக்காவிட்டால், குழியை மூடும்போது வெயிலே கண்டிராத அடிமண் மேலே வந்துவிடும். அதில் மட்கு ஏது? புல்கூட யோசித்துத்தான் முளைக்கும்!

அதனால் கொட்டிய மண்மேட்டைச் சமப்படுத்துகிறார்கள், தொழுவுரம் போடுகிறார்கள். தக்கைப்பூண்டு போன்ற பசுந்தாளை விதைத்து, பூவெடுக்கும் பருவத்தில் மடக்கி உழுவதும் உண்டு. நம் கோவை வேளாண் பல்கலைக்கழகமும் இப்படி மண்ணை மீட்கும் ஆராய்ச்சியில் கைகொடுத்திருக்கிறது.

மரம் நட்டால் சீக்கிரம் பச்சை தெரியும், படத்துக்கும் அழகு. புல்வெளியும் ஓடைக்கரைக் கோரையும் அப்படி வருவதில்லை. ஓடை வளைந்துபோன தடத்தையே அல்லவா புரட்டிவிட்டோம்? கொறங்காட்டில் முதல் மழைக்குப் புல் தானே எழும், விதை மண்ணிலேயே கிடக்கிறது. நெய்வேலியில் விதையையும் நாம்தான் கொண்டுபோய்த் தூவ வேண்டும்.